"போனஸ் எந்தப் படியில வரும் சார்?"

போன மாதம் குன்னூரில் எங்கள் தேயிலை எஸ்டேட் ஆட்களுக்கு ஊழியர் ஊக்கம் பற்றி ஒருநாள் பயிற்சி. தொழிலாளர்களை வேலை வாங்கும் மேஸ்திரிகள், சூப்பர்வைசர்கள், ஆபீஸ் ஆட்கள் என்று முப்பது பேர் இருப்போம். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் மப்ளரைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டு திரையில் மாஸ்லோ என்ற உளவியலாளரின் தேவைப் பிரமிடைக் காட்டினார். அடியில் சோறு, தூக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு, அப்புறம் உறவு, மரியாதை. உச்சியில் தன்னால் என்ன ஆக முடியுமோ அதுவாக ஆவது. பின்வரிசையிலிருந்து எங்கள் மேஸ்திரி அண்ணன் கையைத் தூக்கினார். "இதுல தீபாவளி போனஸ் எந்தப் படியில வரும் சார்?"

எல்லோரும் சிரித்தோம். பயிற்சியாளரும் சிரித்துவிட்டு, "முதல் படிதான்" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வியே ஓடிக்கொண்டிருந்தது.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் பதினெட்டு வருடமாகச் செக்ரோல், அதாவது ஆள் வருகை, கூலிக் கணக்கு எழுதுகிறேன். நடுவில் தொலைதூரக் கல்வியில் எம்பிஏவும் முடித்தேன். அதனால் சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை, அது வேறு கதை. ஆனால் ஊழியர் ஊக்கம் பற்றிய அந்த ஒரு பாடம் மட்டும் மனதில் தங்கிவிட்டது. படித்ததைத் தினமும் சாயங்காலம் கண்ணெதிரே பார்க்கிறேன் இல்லையா?

மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் பிரமிடு படமே கிடையாது. பின்னால் வந்த மேலாண்மைக்காரர்கள் வரைந்து சேர்த்தது அது. கீழ்த்தேவை முழுசாகத் தீர்ந்த பிறகுதான் அடுத்தது வரும் என்று அவர் கறாராகச் சொல்லவும் இல்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் கூரை ஒழுகுகிற வீட்டுக்காரி ஒருத்தி இருக்கிறாள். மளிகைக் கடைப் பாக்கி அப்படியே கிடக்கும், மாரியம்மன் திருவிழா வரியை மட்டும் முதல் ஆளாகக் கொண்டுவந்து கட்டிவிடுவாள். அவளை எந்தப் படியில் உட்காரவைப்பது?

மேஸ்திரி அண்ணன் கேள்விக்கு ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரிடம் இதைவிட நல்ல பதில் இருக்கிறது. 1959இல் வெளிவந்த ஆய்வு. சம்பளம், மேற்பார்வை, வேலையிட வசதி எல்லாம் ஒரு வகை. இவை குறைந்தால் ஆள் கொதிப்பான், சரியாக இருந்தால் கொதிப்பு அடங்கும், அவ்வளவுதான். வேலையில் மனம் ஒன்றுவது செய்த காரியம், அதற்குக் கிடைத்த அங்கீகாரம், பொறுப்பு போன்றவற்றால் என்றார். போனஸை இதில் வைத்துப் பாருங்கள். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், பின்னால் வந்த திருத்தத்தோடு, வருடச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வைத்தது. வழக்கமாக வருவது வந்தால் யாரும் துள்ளிக் குதிப்பதில்லை. அரை சதவீதம் குறைந்தது என்று வையுங்கள், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் ஓர் ஆள் நிற்காது. ஒரே குறை, ஹெர்ஸ்பெர்க் பேட்டி எடுத்த இருநூறு பேரும் பிட்ஸ்பர்க் பக்கத்து இன்ஜினியர்களும் கணக்கர்களும். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள் ஒருத்தியைக்கூட அவர் கேட்கவில்லை.

என்னைக் கேட்டால், இந்த மலையில் வேலை செய்கிறவர்களை அதிகம் புரிந்துகொண்டவர் ஸ்டேசி ஆடம்ஸ் என்ற உளவியலாளர்தான். 1963இல் அவர் சொன்னது எளிமையான விஷயம். மனிதன் தன் கூலியைத் தனியாகப் பார்ப்பதில்லை. நான் போட்ட உழைப்புக்கு எனக்கு என்ன வந்தது, பக்கத்து ஆள் போட்டதற்கு அவனுக்கு என்ன வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறான். அதில் கோணல் தெரிந்தால் உழைப்பைக் குறைத்துக் கணக்கை நேராக்கிக்கொள்கிறான், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போகிறான்.

எங்கள் எஸ்டேட்டில் இரண்டு வருடம் முன்பு 'இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி' என்று ஒரு திட்டம் வந்தது. அதிகக் கொழுந்து எடுப்பவருக்கு எவர்சில்வர் குடம். முதல் மாதம் கைதட்டல், போட்டோ எல்லாம் ஜோர். இரண்டாவது மாதமும் குடம் அதே பெண்ணுக்கு. மூன்றாவது மாதத்தில் நிரையில், அதாவது கொழுந்து எடுக்கும் செடி வரிசையில், பேச்சு கிளம்பிவிட்டது. "அவளுக்கு மட்டும் தண்ணித்தொட்டிப் பக்கம் நல்ல நிரை, நமக்குச் சரிவுல காஞ்ச செடி." அது உண்மையும்கூட. அப்புறம் அந்தப் பெண்ணே மூன்று மணிக்கு மேல் கையை மெதுவாக ஓட்ட ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டேன். "ஒரு குடத்துக்காக நாத்தனார்கூட பேச்சில்லாம இருக்க முடியுமா ரைட்டரய்யா?" என்றாள். நான்காவது மாதக் குடம் இன்னும் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது.

அபராதக் கதை இன்னும் மோசம். காலை மஸ்டருக்குத் தாமதமாக வந்தால் காசு பிடிப்பது என்று வைத்தார்கள். அதுவரை பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மூச்சிரைக்க ஓடிவருவார்கள், முகத்தில் ஒரு சங்கடம் இருக்கும். பிடித்தம் வந்ததும் அந்தச் சங்கடம் போய்விட்டது. "அதான் காசு புடிச்சாச்சே" என்று நிதானமாக நடந்து வந்தார்கள். 1998இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் இதே போல நடந்திருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அபராதத்தை நிறுத்திய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. எங்களிடமும் திரும்பவில்லை.

'காசு முக்கியமில்லை, உள்ளிருந்து வரும் ஆர்வமே முக்கியம்' என்று அன்று பயிற்சியில் சொன்னதோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்கு உளவியலாளர் எட்வர்ட் டெசியைத் துணைக்கு அழைக்கிறார்கள். அவர் 1971இல் எழுதிய சோதனையில் மாணவர்கள் விருப்பப்பட்டுப் புதிர்க்கட்டைகளை அடுக்கினார்கள். அதற்குக் காசு கொடுத்துப் பிறகு நிறுத்தியதும் ஆர்வம் குறைந்தது. சரி, அது பிடித்துச் செய்கிற விளையாட்டு. ஜனவரிப் பனியில் விரல் விறைக்கக் கொழுந்து எடுப்பதை யாராவது புதிர் விளையாட்டு என்று சொல்வார்களா? கூலியை ஏற்ற மனமில்லாதவர்கள் டெசி பெயரைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

எங்கள் எடைக் கொட்டகை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு எடுத்தாக வேண்டிய கணக்குக் கிலோவைத் தாண்டி எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு உண்டு. அதனால் எடை என்பது இங்கே உயிர்நிலை. அந்த எடையில் சாக்குக்கு என்று ஒரு கழிவு, மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீருக்கு ஒரு கழிவு. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. பாட்டி காலத்திலிருந்து அடுத்தவர் கையிலுள்ள தராசைப் பார்த்தே வளர்ந்தவர்கள். மின்னணுத் தராசு வந்தபோது எண் தெரிகிற திரையை என் பக்கம் பார்த்து வைத்தார்கள். நான் வாயால் சொல்லுவேன், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். தினமும் சண்டை. நான் ஒரு கிராம்கூடத் திருடியதில்லை, ஆனால் அதை அவர்கள் எப்படி நம்புவது?

ஒருநாள் வயரிங் ரிப்பேருக்காகத் தராசைத் திருப்பி வைத்தோம். திரை அவர்கள் பக்கம் போய்விட்டது. எனக்கு எட்டிப் பார்த்து எழுதக் கழுத்து வலித்தது, ஆனால் அன்று சத்தமே இல்லை. மறுநாளும் அப்படியே விட்டேன். தண்ணீர்க் கழிவு எவ்வளவு என்பதையும் காலை மஸ்டரிலேயே பலகையில் எழுதிவைக்கத் தொடங்கினேன். எண் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் பக்கத்துப் பெண்ணைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறார். மஞ்சு இறங்கிய நாளில் திரையில் நீர் கோத்துக்கொள்ளும். யாராவது ஒருத்தி முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் சாக்கைத் தூக்கி வைப்பாள். கொழுந்து கூடியதா என்று கேட்காதீர்கள். அது மழையையும் உரத்தையும் பொறுத்தது. கடைசி அரைமணி நேரம் வேண்டாவெறுப்பாகக் கையை ஆட்டுவது மட்டும் குறைந்திருக்கிறது. இதற்கு ஆன செலவு எனக்கு ஒரு நீளமான ஒயர்.

அடுத்த மாதம் இன்னொரு பயிற்சி வருகிறதாம். ஹால் வேண்டாம், சாயங்காலம் நாலு மணிக்கு எடைக் கொட்டகையிலேயே வைக்கலாமே என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். "பார்ப்போம்" என்றார். மேஸ்திரி அண்ணன் இப்போதே அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருக்கிறார்.