விரல் மரத்தால் தைராய்டு மாத்திரையைக் கூட்டலாமா?

"தைராய்டு குறைவு உள்ளவருக்கு விரல் சில்லிட்டு மரத்தால் மருந்து போதவில்லை, அரை மாத்திரை கூடுதலாகப் போட்டு, கையைச் சுடுநீரில் வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அதிலும் சுடுநீர் யோசனை ஆபத்து.

சில்லிடுவதும் மரப்பதும் ஒன்றல்ல. ஹார்மோன் குறைந்தால் உடலில் வெப்பம் குறைவாக உண்டாகும், தோலுக்கு வரும் ரத்தமும் குறையும், அதனால் சில்லிடுகிறது. மரப்புக்குப் பல நேரம் காரணம் மணிக்கட்டில் இருக்கிறது. அங்கே திசு வீங்கி நரம்பை அழுத்தும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரக்கும், சுண்டுவிரல் தப்பிவிடும். இரவில் கூடும், கையை உதறினால் கொஞ்சம் விடும். மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராகப் பிடிக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொள்ளுங்கள். பாதங்களும் சேர்ந்து மரத்தால் வைட்டமின் பி12, ரத்தச் சர்க்கரை இரண்டையும் பார்க்க வேண்டும்.

தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினின் அளவை மாற்றினால், மருந்து போதுமா என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் டி.எஸ்.எச். அளவு நிலைப்பட சுமார் 6 வாரம் ஆகும். இன்று போட்ட அரை மாத்திரை இன்றிரவே விரலைச் சூடாக்காது; நாள்பட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம். மருந்து போதவில்லையோ என்று தோன்றினால், இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி விடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

மரத்த விரலுக்குச் சூடு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். வெதுவெதுப்பான நீர் போதும், அதையும் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு.