ஆப்பிள் சக்கை வெறும் கழிவு இல்லை

நாய் உணவில் ஆப்பிள் சக்கை சேர்ப்பது எடை கூட்டத்தான், நாய்க்குப் பயனே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. சாறு பிழிந்தபின் மிஞ்சும் தோலிலும் சதையிலும் பெக்டின் என்ற கரையும் நார் இருக்கிறது. நாயால் அதைச் செரிக்க முடியாது, உண்மைதான். ஆனால் பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து ப்யூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் தீனி. (அளவு மிஞ்சினால் மலம் இளகும், அது வேறு.)

சந்தேகமிருந்தால் கால்நடை ஊட்டச்சத்துப் பாடநூலில் நார் பற்றிய பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பாக்கெட்டில் உள்ள ‘க்ரூட் ஃபைபர்’ (ஆய்வகச் சோதனையில் அளக்கும் கச்சா நார்) சதவீதத்தை மட்டும் நம்பவேண்டாம். அந்தச் சோதனையில் பெக்டின் பெரும்பாலும் கணக்கிலேயே வராது. பொருள் பட்டியலையும் சேர்த்துப் படியுங்கள்.