ஒரு கதைக்கு ஒரு வாரம்

தொடக்கப்பள்ளியில் கதை சொல்லும் ஆசிரியர்கள் நம் நெல்லைப் பக்கத்தில் நிறையவே இருக்கிறார்கள். மானூர், நாங்குநேரி, களக்காடு, ராதாபுரம் என்று எந்த ஒன்றியத்துக்குப் போனாலும் குரலை ஏற்றி இறக்கி நரியாகவும் கிழவியாகவும் மாறுகிற ஒரு டீச்சராவது இருப்பார். கதை முடிகிற வரைக்கும் எல்லாம் அருமை. முடிந்த மறு நிமிடம், "சரி, இந்தக் கதையில இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்ற கேள்வி வந்து விழும். பிள்ளைகளுக்குப் பதில் மனப்பாடம். "பேராசை கூடாது டீச்சர்." "பொய் சொல்லக் கூடாது டீச்சர்." வடையைப் பறிகொடுத்த காகத்துக்கும் அதே பதில், குரங்கை முதுகில் ஏற்றிப் போன முதலைக்கும் அதே பதில். கதை அத்தோடு சரி. மறுநாள் வேறு கதை, அதற்கும் ஒரு நீதி.

இந்தப் பழக்கத்தை விடச் சொல்லித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீதிக்காகக் கதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் கதை பிள்ளையின் வாயில் எந்த மாதிரி வாக்கியங்களைக் கொண்டுவந்து வைக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எடுத்த கதையை ஒரு வாரம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கதைகளைச் சொல்கிறேன். மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஆனால் மூன்றும் மூன்று வேலை செய்கின்றன.

முதலாவது, கொழுக்கட்டைக் கதை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன் பெயர் மறக்காமல் இருக்க "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று குதிக்கிறான். அதன்பிறகு வாயில் நிற்பது அத்திரிபாச்சாதான். ஒன்றாம் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. ஒரே சொல் முப்பது தடவை வருவதால் க, ட, த, ர, ச எல்லாம் வாயில் புரளும். பேசாத பிள்ளைகூட "அத்திரிபாச்சா" என்றால் பேசும். ஆனால் இந்தக் கதையின் பழைய முடிவில், கேட்ட பலகாரத்தைச் செய்யத் தெரியவில்லை என்று அவன் பெண்டாட்டியை அடிக்கிறான். "கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப் போச்சே" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதும் பெயர் ஞாபகம் வருகிறது. அடிதடியைப் பார்த்து வளரும் பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும். அந்த இடத்தில் சிரிக்கச் சொல்வது கொடுமை. அவனே அவசரத்தில் நிலைப்படியில் முட்டிக்கொள்ளட்டும், அவன் நெற்றியே கொழுக்கட்டை மாதிரி வீங்கட்டும். கதைக்கு ஒரு சேதமும் இல்லை.

இரண்டாவது, தன் பெயரை மறந்த ஈ. "கொழுகொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா..." என்று சங்கிலி மாதிரி 14 கண்ணி போய், கடைசியில் குதிரை "ஈஈ" என்று கனைக்கும்போது ஈக்குத் தன் பெயர் தெரிகிறது. "கோல் இருக்கும் மரமே", "புல்லைத் தின்னும் குதிரையே" என்ற வரிகளைக் கவனியுங்கள். "இருக்கும்", "தின்னும்" என்ற பெயரெச்சமும், "மரமே", "குதிரையே" என்று கூப்பிடும் விளியும் வரிக்கு வரி வருகின்றன. இலக்கணப் பெயரே சொல்லாமல் இரண்டாம் வகுப்புப் பிள்ளை பெயரெச்சத் தொடரைத் தானே கட்டப் பழகிவிடும். தனியே சொல்லிக் கொடுத்தால் ஒரு மாதம் ஆகிற விஷயம் இது.

மூன்றாவது, குருவியின் பருப்பு மரப்பிளவில் மாட்டிக்கொண்ட கதை. குருவி தச்சனிடம் போகிறது, ராஜாவிடம் போகிறது, ஒவ்வொருவரும் மறுக்கிறார்கள், கடைசியில் எறும்பு யானையின் காதுக்குள் புகுவேன் என்றதும் எல்லாம் தலைகீழாகத் திரும்புகிறது. இந்தியா முழுக்கப் பல மொழிகளில் வழங்கும் கதை. "எறும்பு கடிக்கும்னு யானை பயந்துச்சு, அதனால தண்ணியக் குடிக்கப் போச்சு, அதனால தண்ணி நெருப்ப அணைக்க வந்துச்சு" என்று காரணம் சொல்லியே தீரவேண்டிய கதை. மூன்றாம் வகுப்புக்கு மேல் இதை எடுங்கள்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஈக் கதையையே வைத்துச் சொல்கிறேன். 40 நிமிடப் பாடவேளையில் 15 நிமிடம் போதும். அரசின் "எண்ணும் எழுத்தும்" திட்டப் பயிற்சிநூலை முடிக்கவே நேரம் இல்லை என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் இந்தக் கதை அந்த வேலையையும் செய்யும். அந்தத் திட்டம் பிள்ளைகளைக் கற்றலுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறது. ஒரே கதையில் அரும்பு நிலைப் பிள்ளை படத்தைப் பார்த்து முதல் எழுத்தை எடுக்கும், மொட்டு சொல்லை வாசிக்கும், மலர் முழு வரியை எழுதும். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கிற பள்ளிக்கு இது பெரிய வசதி.

திங்கட்கிழமை புத்தகம் இல்லாமல் சொல்லுங்கள். ஸ்மார்ட் போர்டும் வேண்டாம். திரையில் படம் ஓடினால் பிள்ளை படத்தைத்தான் பார்க்கும், சொல் காதில் விழாது. அரைவட்டமாக உட்கார வையுங்கள், மூன்று வரிசைக்கு மேல் வேண்டாம். உங்கள் முகம் அவர்கள் முகத்தைவிட அதிக உயரத்தில் இருக்கக் கூடாது. "உம்" கொட்டச் சொல்லுங்கள். திண்ணையில் ஆச்சிமார் கதை சொல்லும்போது உம் கொட்டுகிற வழக்கம் சும்மா வந்ததில்லை. எந்த மூலையில் உம் நின்றதோ அங்கே கதை அறுந்துவிட்டது என்று உடனே தெரியும். சிறு பிள்ளைகளுக்கு முதல் நாளே 14 கண்ணி தாங்காது. மீன், வலையன், சட்டி, குயவன், மண் என்ற நடு ஐந்தையும் எடுத்துவிட்டு "குளத்தங்கரைப் புல்லே, புல்லைத் தின்னும் குதிரையே" என்று முடித்தால் 9 கண்ணி. அதுதான் அளவு.

நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள். "ஈ பைய பறந்து போச்சாம். அங்கன ஒரு கன்னுக்குட்டி நின்னுச்சாம்." முதல் நாள் மேடைத் தமிழில் சொன்னால் பாதிப் பிள்ளைகள் கேட்பதுபோல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அதே கதையை இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். "கொக்கு வாழும்..." என்று நிறுத்தினால் "குளமே!" என்று வகுப்பு கத்தும். ஒரு குச்சி, ஒரு சிரட்டை மண், ஒரு பிடி புல், ஒரு உடைந்த சட்டி, இவ்வளவு பொருள் போதும். பொருளைத் தூக்கிக் காட்டினால் மறந்த கண்ணி ஞாபகம் வரும்.

புதன்கிழமை நடிப்பு. சண்டை இங்கேதான் வரும். எல்லாருக்கும் ஈயாக வேண்டும். மூன்று ஈ வைத்துக்கொள்ளுங்கள், கதையை மூன்று பங்காகப் பிரித்துவிடலாம். வாய் திறக்காத பிள்ளையைத் தனியாக நிறுத்தாதீர்கள். நான்கு பேர் கை கோத்து நின்றால் குளம். நால்வரில் ஒருவராக நின்று "எனக்குத் தெரியாது" என்று சேர்ந்து சொல்வது அந்தப் பிள்ளைக்கு முடியும். இரண்டாம் சுற்றில் அதுவே கொக்காக வரும்.

வியாழக்கிழமைதான் எழுத்து. பிள்ளைகள் சொல்லச் சொல்ல, அவர்கள் சொன்ன மாதிரியே சார்ட்டில் எழுதுங்கள். "குதிர கனைச்சுச்சு." அதன் கீழேயே வேறு நிறத்தில், "புத்தகத்தில் இப்படி இருக்கும்" என்று சொல்லி, "குதிரை கனைத்தது." மேல் வரியைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வாக்கியமே சொல்லாது. இரண்டு வரியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். பிறகு கீழ் வரிகளைப் பட்டையாக வெட்டி, சொல் சொல்லாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வாக்கியமாகக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். ஒரு குழுவுக்கு 5 சொல்லுக்கு மேல் வேண்டாம். கோல், குளம், புல் மூன்றும் ஒரே கதையில் வருவதால் லகர ளகரமும் அங்கேயே தீரும்.

வெள்ளிக்கிழமை கதை நம் ஊருக்கு வருகிறது. ஈ இந்தத் தடவை திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் பெயரை மறக்கட்டும். "பனையில் ஏறும் மாமா, மாமா கட்டிய கலயமே, கலயம் நிறைந்த பதனியே, பதனி காய்ச்சும் அத்தையே, அத்தை ஊற்றும் சிரட்டையே, சிரட்டை நிறைந்த கருப்பட்டியே." கருப்பட்டி விற்கிற அண்ணாச்சி "சீ, ஈ!" என்று விரட்டும்போது அதற்குத் தன் பெயர் கிடைக்கிறது. அம்பாசமுத்திரம் பிள்ளைகள் "நெல் விளையும் வயலே, வயலுக்குப் பாயும் வாய்க்காலே, வாய்க்கால் பிரியும் ஆறே, ஆறு பிறக்கும் மலையே" என்று பொதிகை வரைக்கும் போகும். முக்கூடல் பக்கத்துப் பிள்ளை "தட்டில் இருக்கும் இலையே, இலையைச் சுற்றும் அம்மா" என்று பீடியைக் கொண்டுவந்தால் தடுக்காதீர்கள். அது அந்த வீட்டின் உழைப்பு. ஒரு விதி மட்டும் உண்டு: ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும். "பனையே, பனை பக்கத்து பஸ்ஸே" என்று வந்தால், "பனைக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று வகுப்பே கேட்கட்டும்.

இன்னொரு மாற்றம் திங்கட்கிழமையே செய்ய வேண்டியது. பழைய வடிவத்தில் இடையன், வலையன், குயவன் என்று சாதியைச் சுட்டும் பெயர்களில் ஆட்கள் வருகிறார்கள். நம் மாவட்டத்தில் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதியை வைத்துச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கையில் கயிறு, நெற்றியில் அடையாளம் என்று பெரிய வகுப்பில் பேசுவதற்கு முன்னால், ஒன்றாம் வகுப்புக் கதையில் நாம் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். இதற்கு வழி நம் பேச்சிலேயே இருக்கிறது. "தாயை மேய்க்கும் அண்ணாச்சி, அண்ணாச்சி கைக் கோலே." "மீன் பிடிக்கும் சித்தப்பா, சித்தப்பா கைச் சட்டியே." "சட்டி செய்யும் மாமா, மாமா கை மண்ணே." தாளம் கெடவில்லை, சொல்லிப் பாருங்கள். வேலைக்கு உரிய மரியாதையும் வந்துவிடுகிறது. நடிப்பில் யாருக்கு எந்த வேடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். வீட்டுத் தொழிலைப் பார்த்து வேடம் கொடுப்பது பெரும் தப்பு. கொடுக்கிறவருக்கு அந்த எண்ணமே இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

செவிடன், நொண்டி என்று வைத்துச் சிரிக்கிற கதைகளை எடுக்கவே எடுக்காதீர்கள். நல்லதங்காள் கதை நம் பக்கத்துப் பெண்கள் கேட்டு அழுத கதைதான்; ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிற கதை தொடக்கப்பள்ளிக்கு ஆகாது. சாதி மீறி மணந்த முத்துப்பட்டன் கதையும் அப்படியே, பெரிய பிள்ளைகள் ஆனபிறகு சாதியைப் பற்றி நிதானமாகப் பேச அது உதவும். இடைசெவல் கி. ராஜநாராயணனும் கழுநீர்குளத்துக் கழனியூரனும் தொகுத்துக் கொடுத்த கதைகள் பெரும் சொத்து. ஆனால் நாட்டார் கதைகள் பெரியவர்கள் பெரியவர்களுக்குச் சொன்னவை. தொகுப்பைப் பிரித்து அப்படியே வகுப்பில் வாசிக்க முடியாது. முதல் நாளே முழுதாக வாசித்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும்.

வீட்டிலிருந்து கதை வாங்கிவரச் சொல்கிறவர்களுக்கு ஒரு யோசனை. "ஆச்சிட்ட ஒரு கதை கேட்டுட்டு வா" என்று அனுப்பினால், "எனக்கு என்னத்த தெரியும்" என்று ஆச்சி அனுப்பிவிடுவார்கள். "அழிப்பாங்கதை ஒண்ணு போடுங்க ஆச்சி" என்று, அதாவது ஒரு விடுகதை, கேட்கச் சொல்லுங்கள். இரண்டு அழிப்பாங்கதை போட்டவர்கள் மூன்றாவதாகக் கதைக்குள் வந்துவிடுவார்கள். சம்மதம் கேட்டு அம்மாவின் போனில் மூன்று நிமிடம் பதிந்தாலும் போதும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வெளிநாட்டுத் தேவதைக் கதைகளையும் தாராளமாக எடுக்கலாம். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை 1697இல் பிரான்சில் பெரோ அச்சிட்டபோது ஓநாய் அவளைத் தின்றதோடு கதை முடிந்தது. 1812இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் கொடுத்த கதையில் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுகிறார். இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள். கதையை மாற்றலாம் என்ற தைரியம் பிள்ளைக்கு அங்கேதான் வரும். ஈசாப்பின் காகம் வாயில் வைத்திருந்தது பாலாடைக்கட்டி. நம் ஊருக்கு வந்ததும் வடையும் வடை சுடும் பாட்டியும் வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லலாம்.

அடுத்து "இஷ்டத்துக்கு மாத்தி எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் எல்லாக் கதையிலும் ஸ்பைடர்மேன் வந்து குண்டு போட்டு முடித்துவிடுவார். ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லுங்கள்: இடத்தை, அல்லது முடிவை, அல்லது கதை சொல்கிற ஆளை. மிகக் கடினமானது கடைசி. நரியே கதையைச் சொல்ல வேண்டும் என்றால், காகம் என்ன நினைத்தது என்று நரிக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை வாசிப்பில் பெரிய படி ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இந்த வகுப்புகளுக்கு வில்லுப்பாட்டு நல்ல துணை. காலிக் குடம், இரண்டு கட்டை, ஒரு மணி போதும். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் "ஆமா" போட்டு "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் சொல்கிற பிள்ளையை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளுகிறது. ஆண்டு விழாவுக்காக எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்தால் இந்தப் பலன் ஒன்றும் கிடைக்காது.

பலன் தெரிவதை எப்படிப் பார்ப்பது? ஒரு பிள்ளையைத் தனியே உட்காரவைத்து மூன்று நிமிடம் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நோட்டில் நான்கு கட்டம்: வரிசை சரியா, பாத்திரங்கள் பேசுகிறார்களா, முடிவு வந்ததா, இணைப்புச் சொல் என்ன. கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஜூனில் எல்லாப் பிள்ளையும் "அப்புறம்... அப்புறம்..." என்றுதான் சொல்லும். காலாண்டு வாக்கில் "அதனால", "ஆனா", "ஏன்னா" வர ஆரம்பித்தால் கதை வேலை செய்கிறது. வரவில்லையா, ஈக் கதையை நிறுத்திவிட்டுக் குருவிக் கதைக்குப் போங்கள்.

வெள்ளிக்கிழமைக் கதைகளைச் சார்ட்டோடு கிழித்துப் போடாதீர்கள். நான்கு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 16 பக்கம். மடிப்பில் மூன்று ஓட்டை போட்டு நூலால் தையுங்கள், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து விரலைக் குத்தும். பக்கத்துக்கு ஒரு வரி, ஒரு படம். அட்டையில் எழுதிய பிள்ளைகளின் பெயர்கள். பள்ளி நூலகப் பதிவேட்டில் எண் போட்டு, அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எடுத்துப்போகிற உயரத்தில் வையுங்கள். பீரோவுக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம்.