மண் கோழிக்கூடு: வயல் களியும் சாணியும் மட்டும் போதாது

“டெல்டாவுல மண்ணுக்கா பஞ்சம்? வயல் களிய அப்படியே குழைச்சு சுவர் வைங்க, சாணி மெழுகினா செல்லு (கோழியைக் கடிக்கிற பொடிப் பூச்சி) அண்டாது” என்று கோழிக்கூடு கட்ட யோசனை சொல்லியிருக்கும் தம்பிக்கு: மண் சுவர் நல்ல யோசனைதான். சித்திரை வெயிலுக்குத் தகரத்தைவிட எவ்வளவோ தேவலை. ஆனால் சொன்ன இரண்டுமே தப்பு.

திருவாரூர், நாகை பக்கத்துக் கருங்களி தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கிறதே, சுவரும் அப்படித்தான் வெடிக்கும். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து நிழலில் காயவைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் மணல் சேர்க்க வேண்டும். நல்ல கருங்களி பாதிக்கு மேல் மணல்கூடக் கேட்கும். நறுக்கின வைக்கோலும் போட்டு மிதித்து, ஓரிரு நாள் ஊறவிட்டுக் கட்டுங்கள். ஆற்றோரப் படுகை மண் என்றால் இவ்வளவு மணல் தேவைப்படாது.

செல்லு விஷயம்தான் முக்கியம். ரத்தம் குடிக்கும் சிவப்புச் செல் பகலில் பெரும்பாலும் கோழி மேல் இருக்காது. சுவர் விரிசலிலும் கோழி அடையும் கழியின் முட்டிலும் ஒளிந்திருந்து ராத்திரி ஏறும். சாணி மெழுகலை நம்பி இருந்தால் அது ஒழியாது. மெழுகல் காய்ந்து உரிந்தால் ஒளிய இன்னும் இடம்தான். விரிசலை மண்ணால் அடைத்து, சுண்ணாம்பு இரண்டு தடவை அடியுங்கள். கழியைக் கழற்றி வெயிலில் போடுகிற மாதிரி வையுங்கள்.

அப்புறம், ஐப்பசி அடைமழையில் முதலில் கரைவது சுவரின் அடிதான். கீற்றை நன்றாக இறக்கி வேய்ந்து, முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வையுங்கள். பெருச்சாளியும் லேசில் குடையாது.