காதல் நாவல் பொய், சண்டைப்படம் மெய்யா?
காதல் நாவல்கள் பொய்க்கனவு காட்டுகின்றன, அக்‌ஷன் படங்கள்தான் தைரியம் தருகின்றன என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் நின்றபோது எனக்குப் பதினொரு வயது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கடியில் என் சின்னம்மா வாசித்ததெல்லாம் காதல் நாவல்கள்தான். கைமாறிக் கைமாறி வந்த ஒரு புத்தகத்தில் கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள் இல்லை. ஒவ்வொரு இரவும் அவரே ஒரு புது முடிவு சொல்லுவார், நாங்கள் ஷெல் சத்தத்தை மறந்து கேட்டுக்கொண்டிருப்போம். தைரியம் என்றால் எனக்கு அதுதான். சரி, சண்டைப்படமும் பார்த்தோம். எண்ணெய் கிடைத்த நாட்களில் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடியவிடிய மூன்று படம் ஓடும். ஆனால் தோளில் வெடிபட்ட கதாநாயகன் அடுத்த காட்சியில் ஆடத் தொடங்கினால் அம்மம்மா எழும்பிப் போய்விடுவார். காயப்பட்டவர்களை எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடத்தியதைக் கண்டவர் அவர். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் காதல் நாவல் பெண்களின் பொழுதுபோக்கு என்கிறார். எங்கள் ஊர் வாசிகசாலையில் அந்த நாவல்களுக்காகக் காத்திருந்தவர்களில் ஆண்களும் நிறையப் பேர், என் மாமா உட்பட.