உலை சமர்த்தாக இருந்தது, குழாய்தான் படுத்தியது

அணுசக்தி நீர்மூழ்கியில் வேலை என்றாலே கதிர்வீச்சைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். உலகின் முதல் அணு நீர்மூழ்கியான அமெரிக்காவின் நாட்டிலஸில் குழுவினரைப் பாடாய்ப் படுத்தியவை வேறு: நீராவிக் குழாய், எண்ணெய், உப்புத்தண்ணீர். மூன்றுமே நிலக்கரிக் கப்பல் காலத்துத் தொல்லைகள்.

உலை அடங்கி நடந்ததற்குக் காரணம், கடலே இல்லாத ஐடஹோ பாலைவனத்தில் கட்டிய முன்மாதிரி உலை. கப்பலில் வரப்போகும் அதே அளவில், அதே நெருக்கடியான இடத்துக்குள் வைத்தார்கள். 1953 ஜூனில் அதை முழுச் சக்தியில் ஓட்டி, அட்லாண்டிக்கைக் கடப்பதுபோல் வரைபடத்தில் கோடு இழுத்துக்கொண்டே போனார்கள். நடுவில் ஜெனரேட்டர் பிரஷ்ஷின் கரித்தூள் படிந்து மின்காப்பு பலவீனமானது, ஒரு பம்ப் ஊளையிட்டது, கண்டென்சர் (டர்பைனைச் சுழற்றிய நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கருவி) குழாய் கசிந்தது. அதிகாரிகள் நிறுத்தச் சொன்னார்கள், அமெரிக்கக் கடற்படையின் அணு உலைத் திட்டத் தலைவர் ரிக்கோவர் மறுத்துவிட்டார். ஏறக்குறைய 100 மணி நேரம் ஓடியது. எது பழுதாகும் என்பதைக் கரையிலேயே தெரிந்துகொண்டவர்கள்தான் பிறகு கப்பலில் ஏறினார்கள். (இந்தியாவின் அணு நீர்மூழ்கி அரிஹந்துக்காகக் கல்பாக்கத்தில் உலை கட்டியதும் இதே கணக்குதான்.)

அப்படியும் 1954 செப்டம்பரில், நாட்டிலஸ் துறையில் கட்டிக் கிடந்தபோதே, அதில் ஒரு சின்ன நீராவிக் குழாய் வெடித்தது. தையலில்லாக் குழாய் இருக்கவேண்டிய இடத்தில், கைப்பிடிக் கம்பி செய்கிற, தகட்டை வளைத்துப் பற்றவைத்த குழாய். வண்ணம் அடித்து உறையும் சுற்றியபின் எது எந்தக் குழாய் என்று யார் சொல்ல முடியும்? அந்த அளவில் இருந்த குழாய்களை எல்லாம் பிடுங்கி மாற்றவைத்தார் ரிக்கோவர். நல்லவேளை, அது டர்பைனுக்குப் போகும் இரண்டாம் சுற்று, கதிரியக்கம் கிடையாது. 1961 ஜூலையில் சோவியத் கே-19இல் உலைக்குள்ளேயே ஓடிக் குளிர்விக்கும் முதல் சுற்றே கசிந்தது. அவசரத்துக்கு மாற்றுக் குளிர்விப்பு வைத்திருக்கவில்லை. பழுதுபார்க்க உள்ளே போனவர்களில் 8 பேர் சில வாரங்களில் செத்துப்போனார்கள். குழாய் விஷயத்தில் ரிக்கோவரின் பிடிவாதத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

உப்புத்தண்ணீர் இன்னும் சூட்சுமமானது. கண்டென்சருக்குள் வெற்றிடம். ஊசித்துளை விழுந்தால் போதும், கடல்நீர் உள்ளே இழுபட்டு, கொதிகலனுக்குத் திரும்பும் சுத்த நீரில் கலந்துவிடும். அதிலுள்ள குளோரைடு சூட்டிலும் அழுத்தத்திலும் துருவேறா எஃகையே விரிசல் விடவைக்கும். மாதிரி நீரில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால் பால்போல் கலங்கும், அவ்வளவுதான் சோதனை. துளையைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. 1958இல் வடதுருவப் பயணத்துக்குமுன் நாட்டிலஸில் இந்தக் கசிவு பிடிபடவே இல்லை. கடைசியில் சாதாரண உடையில் ஆட்களைச் சியாட்டில் கடைகளுக்கு அனுப்பி, கார் ரேடியேட்டர் ஓட்டையை அடைக்கும் திரவத்தை டப்பா டப்பாவாக வாங்கி ஊற்றினார்கள். நின்றது! ஆகஸ்ட் 3இல் 116 பேருடன் துருவத்தின் அடியில் போனது அந்தக் கப்பல்தான்.

அதே ஆண்டு, மேற்குக் கரைக்குப் போகும் வழியில், டர்பைனைச் சுற்றிய வெப்பக்காப்பு உறையில் ஊறியிருந்த எண்ணெய் புகைந்து பற்றியது. உறையைக் கத்தியால் கிழித்துக் கிழித்து அணைத்தார்கள். நெருப்பைவிடப் புகைதான் ஆளைச் சாய்த்தது, போதுமான முகமூடி இல்லை. அதன்பிறகுதான் கப்பல் நெடுகக் காற்றுக் குழாய் ஓட்டி, முகமூடியின் ஹோஸைச் செருக அங்கங்கே இணைப்பு வைத்தார்கள்.