அந்தக் கொடி உங்கள் படத்தில் என்ன செய்கிறது?

"படம் அழகாக இருக்கிறது, இதில் அரசியல் எதற்கு?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புகைப்படப் பக்கங்களில் ஒரே மாதிரியான படங்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. நாஜிச் சீருடையில் ஒரு மாடல், பக்கவாட்டில் விழும் ஒளி, பின்னால் சிவப்புக் கொடி, கொஞ்சம் புகை. கீழே 'என்ன கம்பீரம்' என்று பாராட்டு மழை. யாராவது முகம் சுளித்தால், வரலாற்றை மறைக்க முடியுமா, கலைக்கு ஏது வேலி என்று பாய்கிறார்கள். அந்தக் கொடியைப் படமெடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது தன் பழைய வேலையை உங்கள் படத்திலும் செய்ய இடம் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பார்ப்பவரைச் சுண்டி இழுப்பதுதான் அந்தப் பழைய வேலை. சிவப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டம், அதற்குள் சாய்த்து வைத்த கறுப்பு ஸ்வஸ்திகா. 1920-இல் கட்சிக் கொடியாக வந்தபோதே, சுவரொட்டியைப் போலத் தூரத்திலிருந்து கண்ணைப் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அமைத்தார்கள். ஹிட்லரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மேடையில் கையை எப்படி உயர்த்தினால் எப்படித் தெரிகிறது என்று தன் புகைப்படக்காரர் ஹைன்ரிஷ் ஹாஃப்மனின் கேமரா முன்னால் ஒத்திகை பார்த்தவர் அவர். ஆகவே, "பார்வைக்கு வலுவாக இருந்தது, வைத்தேன்" என்று இன்று ஒரு கலைஞர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நூறாண்டுக்கு முன்னால் அவர்கள் எங்கே பார்க்கச் சொன்னார்களோ, அங்கேதான் அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் கொடி எப்போது ஒரு படத்துக்குள் வரலாம்? அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஸ்டான்லி ஃபோர்மன் 1976 ஏப்ரல் 5 அன்று பாஸ்டன் நகர மன்றத்துக்கு வெளியே எடுத்த படத்தைப் பாருங்கள். கறுப்பின, வெள்ளையின மாணவர்களை ஒரே பள்ளிகளில் சேர்ப்பதற்காக அவர்களைப் பஸ்ஸில் வேறு பகுதிகளுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்து வெள்ளையின மாணவர்கள் ஊர்வலம் வந்த நாள் அது. டெட் லேண்ட்ஸ்மார்க் என்ற கறுப்பின வழக்கறிஞர், கோட்டும் சூட்டும் அணிந்து, ஒரு கூட்டத்துக்காக அங்கே வந்தவர், அவர்களிடம் மாட்டிக்கொண்டார். ஓர் இளைஞன் அமெரிக்க தேசியக் கொடி கட்டிய கம்பை இரு கைகளாலும் பிடித்து அவர்மீது ஓங்குகிறான். துணி காற்றில் படபடக்கிறது, கம்பு ஈட்டியாகத் தெரிகிறது. அந்தப் படத்துக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதில் கொடி தனியாக இல்லை. அது யார்மீது பாய்கிறதோ அந்த மனிதரும் அதே சட்டகத்துக்குள் இருக்கிறார். பார்ப்பவரின் கண் கொடியில் தொடங்கினாலும் அவரிடம் போய்ச் சேராமல் தப்ப முடியாது.

கார்டன் பார்க்ஸ் 1942-இல் வாஷிங்டனில் எடுத்த படமும் அப்படித்தான். அரசு அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் எலா வாட்சன் என்ற கறுப்பினப் பெண்மணி, ஒரு பக்கம் துடைப்பம், மறுபக்கம் தரை துடைக்கும் கட்டை, பின்னால் பிரம்மாண்டமாகத் தொங்கும் தேசியக் கொடி. அவர் சிரிக்கவில்லை. கொடி வாக்களித்தது என்ன, அவருக்குக் கிடைத்தது என்ன என்பதைச் சொல்ல அந்த முகம் போதும்.

பார்க்ஸ் அவரைத் திட்டமிட்டுத்தான் அங்கே நிறுத்தினார். எனவே, தற்செயலாகக் கண்ட கொடி என்றால் சரி, நாமே கொண்டுவந்தால் தவறு என்று எளிதாகக் கோடு கிழித்துவிட முடியாது. 1945-இல் பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தின்மேல் சோவியத் கொடி ஏறும் படத்தை எடுத்த யெவ்கெனி கால்தேய், சிவப்பு மேசை விரிப்புகளில் கொடி தைத்து மாஸ்கோவிலிருந்து கையோடு கொண்டுபோனவர். பிறகு ஒரு வீரரின் கைகளில் தெரிந்த இரண்டு கடிகாரங்களில் ஒன்று நெகடிவிலிருந்து காணாமல் போனது, கொள்ளையடித்தது என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே! அந்த அழிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் கொடியைக் கொண்டுபோனதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வெற்றி உண்மையானது. 1945 மார்ச்சில் பிறந்த ஜெர்மானியக் கலைஞர் அன்செல்ம் கீஃபர் 1969-இல் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று போய், தடை செய்யப்பட்ட நாஜி வணக்கத்தைத் தானே செய்து படமெடுத்துக்கொண்டார். ஆள் இல்லாத கடற்கரையில், அலைகளைப் பார்த்துக் கை நீட்டி நிற்கும் ஒரு சின்ன உருவம். அதில் கம்பீரத்தின் சாயல்கூட இல்லை. தன்னையும் தன் தந்தையின் தலைமுறையையும் அவர் கூண்டில் ஏற்றுகிறார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

"எனக்குத் தெரியாது" என்ற சமாதானத்தை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. ஆப்கானிஸ்தானில் 2010-இல் அமெரிக்க மரைன் துப்பாக்கி வீரர்கள் சிலர் நாஜி எஸ்எஸ் படையின் மின்னல் எழுத்துகள் கொண்ட கொடியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 2012-இல் படம் வெளியே வந்தபோது, அதன் பொருள் அவர்களுக்குத் தெரியாது என்று விளக்கம் வந்தது. இருக்கலாம். படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியுமே.

"எங்களுக்கு அது பாரம்பரியம்" என்பது இன்னொரு வாதம். அடிமை முறையைக் காக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய அமெரிக்கத் தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் போர்க்கொடியைப் பற்றிப் பல காலமாக இதைத்தான் சொன்னார்கள். 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் அதே கொடியோடு எடுத்துக்கொண்ட படங்கள் சில நாட்களில் வெளிவந்தன. ஜூலை 10 அன்று தென் கரோலினா சட்டமன்ற வளாகத்திலிருந்து கொடி இறக்கப்பட்டது. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு பாரம்பரியம் என்று சொல்ல அரசியல்வாதிகள் பலருக்கே வாய் வரவில்லை.

சட்டங்களும் இந்த வேறுபாட்டை ஓரளவு புரிந்து வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களுக்குத் தடை உண்டு, கலைக்கும் கல்விக்கும் செய்திக்கும் விலக்கும் உண்டு. நிறவெறிக் காலத்துப் பழைய கொடியைக் காரணமின்றிக் காட்சிப்படுத்துவது வெறுப்புப் பேச்சு என்று 2019-இல் தீர்ப்பளித்த தென்னாப்பிரிக்க நீதிமன்றமும் இதே விலக்குகளை வைத்தது.

படத்துக்குக் கீழே குறிப்பில் எழுதிவிட்டேனே என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. பகிரப் பகிர, முதலில் உதிர்ந்துபோவது குறிப்புதான். ஃபோர்மனின் படத்தில் லேண்ட்ஸ்மார்க்கைப் பின்னாலிருந்து பிடித்திருப்பவர் அடிக்கத் தோதாகப் பிடித்துக் கொடுப்பதுபோலத் தெரியும். உண்மையில் அவர் தூக்கிவிட வந்தவர். அவ்வளவு பெரிய படத்துக்கே இந்தக் கதி என்றால், வெறும் புகையும் சீருடையும் கொண்ட ஸ்டுடியோ படம் குறிப்பை இழந்த பிறகு யாருடைய சுவரில் போய் ஒட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் நான் பேசாமல் கடந்து போகப் போவதில்லை. கொடியை எடுத்துவிட்டால் இதில் மிச்சம் என்ன என்று எடுத்தவரிடமே கேட்பேன். அந்தக் கொடியின் கீழ் மிதிபட்டவர் ஒருவராவது உங்கள் படத்தில் இருக்கிறார் என்றால் எனக்கு அனுப்புங்கள், என் பக்கத்தில் நானே பகிர்கிறேன்.